ஜாய்ஸ்டிக் வாங்கக் கெளம்புறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம இணைப்புல விண்வெளி கேம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். இஸ்ரோவோட ஸ்பேடெக்ஸ் டாக்கிங், அதாவது விண்வெளில ரெண்டு கலத்த ஒட்ட வைக்கறது, நடந்ததுலேர்ந்து பிள்ளைங்க எல்லாம் ராக்கெட்டு, டாக்கிங்னு கேட்டுத் தொளைக்கற நேரத்துல இதுக்குன்னு அரைப் பக்கம் ஒதுக்குனீங்களே, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா கடைசிப் பத்தி மனசுக்கு ஒப்பல. கீபோர்டுல ஆடறது சும்மா பொழுதுபோக்கு, நெசமா ஓட்டிப் பழகணும்னா ஜாய்ஸ்டிக் வாங்கியே ஆகணும்ங்கற மாதிரி எழுதுனவங்க முடிச்சிருந்தாங்க. சரி போகட்டும்னு விட்டுடலாம்னுதான் இருந்தேன், செவ்வாக்கிழம வரைக்கும்.

செவ்வாக்கிழம காலைல கடை ஷட்டர ஏத்திட்டு இன்னும் லைட்டுகூடப் போடல, ஒரு அம்மா உங்க பேப்பர நாலா மடிச்சுக் கைல வெச்சுக்கிட்டு வந்து நிக்கறாங்க. பையன் எட்டாவது படிக்கறானாம், சொந்தக்காரங்க குடுத்த பழைய லேப்டாப்புல கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்னு ராக்கெட் கட்டி ஓட்டற கேம் ஆடறானாம், ராத்திரி சாப்புடக் கூப்புட்டா "அம்மா ஆர்பிட்டுக்குப் போயிட்டேன், ரெண்டு நிமிஷம்"ங்கறானாம். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "தம்பி, இந்த குச்சி மாதிரி இருக்கே, அது இல்லாம ஆடுனா அவன் தப்புத் தப்பாக் கத்துக்குவானா? சீட்டுப் பணம் அடுத்த மாசம் வருது, வாங்கிடட்டுமா?" வேண்டாம்மானு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா எனக்குத் தெரியாம எத்தன வீட்டுல இந்தக் கணக்கு ஓடிக்கிட்டு இருக்கோ. அதனாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் பாளையங்கோட்டைல இருவது வருஷத்துக்கு மேல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், கீபோர்டு, ஜாய்ஸ்டிக் ரெண்டையும் ஸ்குரூ கழட்டி உள்ள பாத்தவன், ரெண்டுலயும் மணிக்கணக்கா ஆடுனவன். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். விண்வெளில காத்து இல்ல. காத்து இல்லாத எடத்துல கப்பல் திரும்பற விதமே வேற, அந்த விதத்துக்குக் கீபோர்டு நல்லாவே ஒத்துப்போகுது. ஜாய்ஸ்டிக் ஏரோப்ளேனுக்குன்னு வந்த சாமான், ஏரோப்ளேன் மாதிரி பறக்கற விண்வெளி கேம்ல அதுக்கு ஈடு இல்ல, அத நான் மறுக்கவே மாட்டேன். எந்த கேம் எந்த ரகம்னு பாக்காம எல்லாத்துக்கும் ஸ்டிக் வாங்குன்னு சொல்றதுதான் தப்பு.

எங்க அக்கா மகள் கதைய சொன்னா வெளங்கும். பத்தாவது படிக்கறா, இடது கைக்காரி. கடைல வந்த ஒரு பழைய லேப்டாப்ப ரேம் மாத்தி அவளுக்குக் குடுத்திருந்தேன், அதுல கெர்பல் போட்டுத் தந்தேன். போன வருஷம் லீவுல கிட்டத்தட்ட பத்து நாள் ரெண்டு கப்பல ஒட்ட வைக்கறதுக்கே போராடுனா. மொத ரெண்டு மூணு நாள் பாவம், அடுத்த கப்பல் பக்கத்துல போவா, வேகமா இருக்கும், பின்னாடி இழுக்க "என்" கீயத் தட்டுவா, அது ஓவராகி வெலகிப் போகும், திரும்ப முன்னாடி போக "ஹெச்" கீயத் தட்டுவா, மூஞ்சி வேற பக்கம் திரும்பியிருக்கும். என் கடைல அப்ப சர்வீசுக்கு வந்த ஒரு ஜாய்ஸ்டிக் சும்மா கெடந்துச்சு, ஓனர் அனுமதியோட அத மாட்டிக் குடுத்தேன். இன்னும் மோசமாயிடுச்சு. காரணம் ரெண்டு. ஒண்ணு, அது வலது கைக்குன்னே வார்த்த பிடி, கட்டவெரல் வெக்கற எடம் எல்லாம் வலது கைக்குத்தான், இவளுக்கு வாகா இல்ல. (ரெண்டு கைக்கும் பொருந்தற ஸ்டிக்கும் இருக்கு, த்ரஸ்ட்மாஸ்டர் டி 16000 எம் அப்படி ஒண்ணு, ஆனா கடைல சாதாரணமாக் கைல எடுத்தா வர்றது பெரும்பாலும் வலது கைதான்.) ரெண்டாவது காரணம்தான் முக்கியம். டாக்கிங்குக்கு ஆறு விதமான அசைவு வேணும். மூக்கு மேல கீழ, இடது வலது, உருள்றது, இந்த மூணும் கப்பல் இருந்த எடத்துலயே திரும்பறது. அப்புறம் முன்ன பின்ன, இடது வலது, மேல கீழ, இந்த மூணும் மூஞ்சி திரும்பாம அப்படியே நகர்றது. ஒரு ஸ்டிக்குல, கைப்பிடிய முறுக்கற வசதி இருந்தாலும், மூணுதான் உருப்படியா வரும். மிச்ச மூணுக்கு? திரும்பவும் கீபோர்டுலதான் கைய வெக்கணும், ஒரு கை ஸ்டிக்குல, ஒரு கை கீபோர்டுல, ரெண்டும் ரெண்டு பாஷை பேசும்.

சரின்னு ஸ்டிக்க எடுத்துட்டு அவகிட்ட ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னேன். இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி, க்யூ, இ மேல இருக்கட்டும், அது திருப்பறதுக்கு மட்டும். வலது கை ஐ, ஜே, கே, எல், ஹெச், என் மேல இருக்கட்டும், அது நகத்தறதுக்கு மட்டும். இப்ப கேப்ஸ் லாக் அமுக்கு. நெறைய பேருக்கு இந்த கேப்ஸ் லாக் சமாச்சாரம் தெரியாது சார், கெர்பல்ல அத அமுக்குனா மூலைல இருக்கற முள்ளெல்லாம் நீல நெறத்துக்கு மாறும், அப்புறம் கீய அமுக்குனா முழு பலத்துல டக்குனு அடிக்காம மெள்ள ஏறும். "கீய அமுக்கிப் புடிக்காத, மாவுல உப்பு போடற மாதிரி துளித்துளியாத் தட்டு, தட்டிட்டு கைய எடு, என்ன ஆகுதுன்னு பாரு, அப்புறம் அடுத்தது"ன்னேன். அன்னிக்கு சாயங்காலமே, மாமா மாமான்னு கத்திக்கிட்டு லேப்டாப்பத் தூக்கிட்டு ஓடி வந்தா. ரெண்டு கப்பலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒட்டற நேரத்துல வேகம் செகண்டுக்கு 0.2 மீட்டர். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உள்ளத உள்ளபடி சொல்றேன்.

ஏன் தட்டறது வேலை செய்யுது? ஏரோப்ளேன்ல ஸ்டிக்க கொஞ்சம் சாய்ச்சா றெக்கைல இருக்கற தகடு கொஞ்சம் திரும்பும், முழுசா சாய்ச்சா முழுசாத் திரும்பும், கைய எடுத்தா காத்தே உருள்றத நிப்பாட்டிடும். அதனால கொஞ்சம், பாதி, முக்கால்னு அளவு குடுக்கற பிடி அங்க அவசியம். விண்வெளில தகடும் கெடையாது, தள்ள காத்தும் கெடையாது. சின்னச் சின்ன ராக்கெட்டுங்கதான், அதுங்க பெரும்பாலும் ஒண்ணு எரியும், இல்லாட்டி எரியாது, பாதி எரியறதுங்கற பேச்சே இல்ல. நிலாவுக்குப் போன அப்போலோ கப்பலோட சர்வீஸ் மாடியூல்ங்கற பின்பகுதில இப்படி 16 குட்டி ராக்கெட், ஒவ்வொண்ணும் சுமார் 45 கிலோ எடை அளவுக்குத் தள்ளும், ஆனா முழுசாத்தான் தள்ளும். அளவு எப்படி வரும்னா எவ்வளவு நேரம் எரிய விடறோம்ங்கறதுல வரும். ஒரு தட்டு தட்டுனா கப்பல் மெதுவாத் திரும்ப ஆரம்பிக்கும், ஆரம்பிச்சா நிக்கவே நிக்காது, எதிர்ப்பக்கம் அதே அளவு தட்டுனாத்தான் நிக்கும்.

நிக்காதுன்னா எந்த அளவுக்கு நிக்காது? 1966 மார்ச் 16, நாசாவோட ஜெமினி 8 கலம். நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் உள்ள இருக்காங்க, உலகத்துலயே மொத தடவையா விண்வெளில ரெண்டு கலத்த ஒட்ட வெச்சாங்க, கொஞ்ச நேரத்துல ஒரே ஒரு குட்டி ராக்கெட் எரிஞ்சபடியே மாட்டிக்கிச்சு. தொடர்ந்து தள்ளித் தள்ளி கடைசில செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு சுத்து சுத்த ஆரம்பிச்சிடுச்சு. ஆம்ஸ்ட்ராங் அந்த ராக்கெட் வரிசையவே நிப்பாட்டிட்டு, பூமிக்குத் திரும்பறப்ப உபயோகிக்கறதுக்குன்னு தனியா வெச்சிருந்த ராக்கெட்டுங்கள எதிர்ப்பக்கம் எரிச்சு நிறுத்துனாரு. ஒரு கீ மாட்டிக்கிட்டா கெர்பல்ல என்ன ஆகுமோ அதேதான் அங்க நடந்துச்சு. இத எங்க அக்கா மகள்கிட்ட சொன்னப்ப "அப்ப அவரும் எதிர்ப்பக்கம் தட்டுனாரா மாமா"ன்னா. ஆமாம்மா, அதேதான்.

ஜாய்ஸ்டிக் மாதிரி பிடி அப்போலோலயும் இருந்துச்சேன்னு யாராச்சும் கேப்பாங்க. இருந்துச்சு, ஒண்ணு இல்ல ரெண்டு. வலது கைக்கு ஒண்ணு, கப்பல் மூஞ்சியத் திருப்ப. இடது கைக்கு ஒண்ணு, கப்பல நகத்த. இதுல இடது கைப் பிடிக்குள்ள இருந்தது வெறும் சுவிட்சு, ஆன், ஆஃப், அவ்வளவுதான், பாக்கத்தான் பிடி, வேலைல கீபோர்டு கீ. வலது கைப் பிடில எவ்வளவு சாய்ச்சா எவ்வளவு வேகமாத் திரும்பணும்னு சொல்லலாம், ஆனா அத வாங்கிக்கற எலெக்ட்ரானிக்ஸ் கடைசில குட்டி ராக்கெட்டுங்களுக்கு எரி, நிறுத்து, எரி, நிறுத்துன்னுதான் கட்டளை குடுக்கும். அது போக, கொஞ்சமா அசைச்சா ஒரே ஒரு துளி நேரம் மட்டும் எரியற மாதிரி ஒரு முறையும் அதுல இருந்துச்சு. நான் அக்கா மகளுக்குச் சொன்ன உப்பு போடற கதைய நாசாக்காரங்க அம்பது அறுவது வருஷத்துக்கு முன்னாடியே சுவிட்ச்சா வெச்சிருக்காங்க.

இப்ப நடக்கறதுக்கு வாங்க. ஸ்பேஸ்எக்ஸோட க்ரூ டிராகன் 2020 மே 30 அன்னிக்கு டக்ளஸ் ஹர்லி, பாப் பென்கென் ரெண்டு விண்வெளி வீரங்களையும் ஏத்திக்கிட்டு விண்வெளி நிலையத்துக்குக் கெளம்புச்சு. அதுல ஜாய்ஸ்டிக்கே கெடையாது. டச் ஸ்க்ரீன்ல மேல, கீழ, இடது, வலதுன்னு பட்டன் வரைஞ்சிருக்கும், அதத் தொட்டுத்தான் ஹர்லி கைல ஓட்டிப் பாத்தாரு, ஒட்டறத மறுநாள் தானாவே பண்ணிக்கிச்சு. அந்த ஸ்க்ரீன அப்படியே காப்பி பண்ணுன மாதிரி ஒரு டாக்கிங் சிமுலேட்டர அதே மாசம் அவங்க இணையத்துல போட்டாங்க. காசு கெடையாது, இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பிரவுசர்லயே ஓடும், மௌஸ்ல பட்டன தட்டலாம், கீபோர்டுலயும் தட்டலாம். நடுவுல பச்சைல எண்கள் ஓடும், அத்தனையும் 0.2க்குக் கீழ வந்தாத்தான் ஒட்டும். அவசரப்பட்டீங்க, மோதிடுவீங்க. அந்த அம்மாவுக்கு இதத்தான் கடைலயே ஓட்டிக் காட்டுனேன், அவங்களே பத்து நிமிஷம் பொறுமையாத் தட்டிக்கிட்டு இருந்தாங்க, வாசல்ல ரெண்டு கஸ்டமர் காத்துக்கிட்டு நின்னாங்க, பரவாயில்லன்னு விட்டுட்டேன். நெசக் கப்பல்ல இருக்கற ஸ்க்ரீனே பட்டன்தான்ங்கறப்ப, எட்டாவது படிக்கற பையன் பட்டன்ல பழகறது எப்படிங்க தப்பாகும்? அதே நேரத்துல போயிங்கோட ஸ்டார்லைனர் கப்பல்ல கைப்பிடி இருக்கு, அதையும் சொல்லிடணும். ரெண்டு வழியுமே நெசம்தான், ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு இல்ல.

பிடி இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 1997 ஜூன் 25, ரஷ்யாவோட மிர் விண்வெளி நிலையம். புரோக்ரஸ் எம் 34ங்கற சரக்குக் கப்பல நிலையத்துக்குள்ள இருந்துக்கிட்டே ரிமோட்ல ஓட்டி ஒட்ட வைக்கற பரிசோதனை. நிலையத்தோட கமாண்டர் வசிலி சிப்ளியேவ் கைல ரெண்டு பிடி, முன்னால ஒரு டிவி ஸ்க்ரீன். தூரத்தையும் வேகத்தையும் தானா அளந்து சொல்ற ராடார அன்னிக்கு அணைச்சு வெச்சிருந்தாங்க. ஸ்க்ரீன்ல கப்பல் எவ்வளவு பெருசாத் தெரியுதுங்கறத வெச்சு மட்டும் தூரத்தக் கணக்குப் போட வேண்டிய நெலம. மோதிடுச்சு, நிலையத்தோட ஒரு பகுதியான ஸ்பெக்டர் மாடியூல்ல ஓட்டை விழுந்து காத்து வெளிய போக ஆரம்பிச்சு, உள்ள இருந்த மூணு பேரும் கேபிள எல்லாம் வெட்டி கதவ அடைச்சுத்தான் தப்பிச்சாங்க. அனுபவஸ்தர், நல்ல பிடி, ஆனா எண்ணு இல்ல. அதனால புள்ளைங்களுக்குக் காசு செலவழிச்சு எதையாவது பழக்கணும்னா மொதல்ல ஸ்க்ரீன்ல இருக்கற தூரம், வேகம் ரெண்டையும் படிக்கப் பழக்குங்க. ஸ்பேடெக்ஸ்லயே பாருங்களேன், ரெண்டு சாட்டிலைட்டும் தலா 220 கிலோ, 2025 ஜனவரி 16 அன்னிக்கு ஒட்டுறதுக்கு முன்னாடி 15 மீட்டர்ல வந்து நின்னுச்சு, அப்புறம் 3 மீட்டர்ல நின்னுச்சு, அப்புறம்தான் தொட்டுச்சு. நின்னு நின்னு போறதுதான் அதுல வித்தையே, அத யாரும் பிடியப் புடிச்சு ஓட்டல, கம்ப்யூட்டரே ஓட்டுச்சு.

கேம் சரித்திரத்துலயும் இதே கததான். மொத மொத விண்வெளி கேம்னு சொல்றாங்களே ஸ்பேஸ்வார், 1962ல எம்ஐடில பிடிபி 1 கம்ப்யூட்டர்ல ஆடுனது, அத மொதல்ல ஆடுனது கம்ப்யூட்டர் முன்பக்கத்துல இருக்கற சுவிட்சுங்களத் தட்டித்தான். குனிஞ்சு குனிஞ்சு தட்டி முழங்கை வலி வந்ததால ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் தனியா ஒரு கண்ட்ரோல் பெட்டி செஞ்சாங்க, அதுலயும் சுவிட்சுதான். 1979ல அட்டாரியோட ஆஸ்டராய்ட்ஸ், அஞ்சு பட்டன், ஸ்டிக்கே கெடையாது. 1984ல டேவிட் பிராபென், இயன் பெல்னு கேம்பிரிட்ஜ்ல படிச்ச ரெண்டு பசங்க எலீட்னு ஒண்ணு செஞ்சாங்க, 32 கேபி மெமரி இருக்கற பிபிசி மைக்ரோல 8 கேலக்சி, ஒவ்வொண்ணுலயும் 256 ஊரு. எஸ், எக்ஸ் ரெண்டும் மூக்க எறக்க ஏத்த, கமா, புள்ளி இருக்கற ரெண்டு கீயும் உருள. இடது வலது திரும்பறதுக்குன்னு கீயே கெடையாது! வலது பக்கம் போகணும்னா மொதல்ல உருண்டு அப்புறம் மூக்கத் தூக்கணும். சுத்திக்கிட்டே இருக்கற ஸ்டேஷன்ல, சன்னமான வாசல்ல, அதோட சேந்து சுத்திக்கிட்டே நொழையணும். அத எத்தனையோ பேரு கீபோர்டுலயே பண்ணுனாங்க.

இப்ப ஜாய்ஸ்டிக் பக்கத்து நியாயத்தயும் முழுசாச் சொல்லணும், இல்லாட்டி நான் உங்க கட்டுரையாளர் பண்ணுன அதே தப்பப் பண்ணுனவனாயிடுவேன். 1999, எங்க ஜங்ஷன் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர், ஆறு சிஸ்டம், அதுல ஒரே ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் ஓனர் ஜாய்ஸ்டிக் மாட்டி வெச்சிருப்பாரு. அப்ப யூஎஸ்பி எல்லாம் எல்லாத்துலயும் வரல, சவுண்ட் கார்டுக்குப் பின்னாடி 15 பின் கேம் போர்ட்ல மாட்டறது. அதுல டை ஃபைட்டர்ங்கற விண்வெளிச் சண்டை கேம் ஆடுனேன், 1994ல லூகாஸ்ஆர்ட்ஸ் போட்டது. எதிரி கப்பல் குறுக்க ஓடுது, அவன் மூக்குக்குக் கொஞ்சம் முன்னால குறி வெச்சு, ஸ்டிக்க ஒரு நெல்லு மணி அளவுக்குத் தள்ளிப் புடிச்சு, அப்படியே கூடவே போயி சுடணும். அந்த நெல்லு மணி அளவு இருக்கு பாருங்க, அது கீபோர்டுல வரவே வராது சார். கீன்னா ஒண்ணு முழுசு இல்லாட்டி சைபர், தட்டித் தட்டிப் போனா குறி ஆடிக்கிட்டே இருக்கும். 1997ல வந்த எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர் ஜாய்ஸ்டிக் இல்லாம ஆடவே விடாது. 1990ல வந்த விங் கமாண்டர்லேர்ந்து இந்த வரிசை கேம் எல்லாத்துலயும் கப்பல் பறக்கறது பழைய யுத்த விமானம் மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு, கைய எடுத்தா நேரா. காத்து இருக்கற மாதிரியே அவங்க கணக்கு எழுதியிருக்காங்க, துரத்திச் சண்டை போட அப்பதான் நல்லா இருக்கும். அந்த வரிசைக்கு ஸ்டிக்தான் ராஜா. 2014ல வந்த எலீட் டேஞ்சரஸும் கைல ஸ்டிக் இருந்தா வேற அனுபவம், அதுல ஃப்ளைட் அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நீங்க கைய எடுத்ததும் கம்ப்யூட்டரே எதிர் ராக்கெட்ட எரிச்சு கப்பல நிப்பாட்டிக் குடுக்கும், அத அணைச்சாத்தான் நெஜ விண்வெளி என்னன்னு புரியும். மௌஸுன்னு மூணாவது ஒண்ணும் இருக்கு, 2003ல வந்த ஃப்ரீலான்சர் ஜாய்ஸ்டிக்க ஏத்துக்கவே ஏத்துக்காது, மௌஸும் கீபோர்டும்தான்.

ஸ்டிக்குல உருப்படியான இன்னொரு விஷயம் அடில இருக்கற த்ராட்டில், அதாவது எஞ்சின் பலத்த ஏத்தி எறக்கற நெம்பு. அட்டாரிக்காரங்க ஆஸ்டராய்ட்ஸ் போட்ட அதே 1979ல லூனார் லேண்டர்னு ஒரு மெஷினும் போட்டாங்க, அதுல திருப்பறதுக்கு பட்டன், ஆனா எஞ்சின் பலத்துக்கு மட்டும் பெரிய நெம்புகோல், எவ்வளவு இழுக்கறமோ அவ்வளவு பலம். நெசமான நிலாக் கலத்துலயும் அதேதான், எறங்கற எஞ்சின 10லேர்ந்து 60 சதவீதம் வரைக்கும் அளவா ஏத்தலாம் எறக்கலாம், திருப்பற குட்டி ராக்கெட்டு மட்டும் ஆன் ஆஃப். பணம் இருந்து வாங்கியே தீரணும்னா த்ராட்டில் நல்லா இருக்கற ஸ்டிக்காப் பாத்து வாங்குங்க.

வாங்குனா என்ன ரிப்பேர் வரும்ங்கறதையும் தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும், இதுதான் என் தொழில், அதனால கொஞ்சம் சொல்லிடறேன். வெல கம்மியான ஸ்டிக்குக்குள்ள இருக்கறது பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோல வால்யூம் குமிழுக்குள்ள இருக்குமே, அதேதான். அந்த ரேடியோ நாளாக நாளாக வால்யூமத் திருகுனா கரகரன்னு சத்தம் வருமில்லையா, கார்பன் பட்டைல தேய்மானம், தூசி. அதே கரகரதான் ஸ்டிக்குல கப்பல் வெட்டி வெட்டி இழுக்கறதா வரும், கைய எடுத்தாலும் ஒரு பக்கமா ஓடும். போன மாசம் ஒண்ணு வந்துச்சு, வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சுன்னாரு, தெறந்து பாத்தா பட்டைல ஒரு எடத்துல முடி மாதிரி கோடு தேஞ்சு போயிருக்கு, சரியா நடு எடத்துல, ஏன்னா ஸ்டிக் அதிக நேரம் நிக்கற எடம் அதுதான். காண்டாக்ட் க்ளீனர் அடிச்சா கொஞ்ச நாள் ஓடும். அத மறைக்க சாஃப்ட்வேர்ல டெட் ஜோன அதிகமாக்குவாங்க, அதாவது நடுவுல கொஞ்ச தூரம் அசைச்சாலும் கேம் கண்டுக்காது. அப்ப நான் சொன்னேன்ல நெல்லு மணி அளவு, எதுக்காக ஸ்டிக் வாங்குனோமோ அந்தச் சின்ன அசைவே போச்சு. ஹால் எஃபெக்ட்னு போட்டிருக்கறது காந்தத்துல வேலை செய்யும், உரசறதே இல்ல, தேயாது. வாங்குனா அது வாங்குங்க.

கீபோர்டுக்கும் நோய் உண்டு. மலிவான கீபோர்டுல கீயெல்லாம் குறுக்கும் நெடுக்குமா ஓடற கம்பில மாட்டியிருக்கும், வீட்டு ஜன்னல் கிராதி மாதிரி. கிராதில ஒரு கட்டத்தோட மூணு மூலைய ஒரே நேரத்துல அமுக்குனா நாலாவது மூலையும் அமுக்குன மாதிரி கீபோர்டுக்குத் தோணும், அதனால அது குழம்பி மூணாவது கீய விட்டுடும். கேம்ல திரும்பிக்கிட்டே நகந்துக்கிட்டே உருள்றப்ப ஒரு கீ வேலை செய்யலன்னா நீங்க தப்பு பண்ணலம்மா, கீபோர்டு விட்டுடுச்சு. கடைல வாங்கறப்பவே நோட்பேட தெறந்து நீங்க ஆடற மூணு கீயயும் ஒண்ணா அமுக்கி மூணு எழுத்தும் வருதான்னு பாத்து வாங்குங்க, எந்தக் கடைக்காரரும் கோவிச்சுக்க மாட்டாரு. அப்புறம் கெர்பல்ல ஷிஃப்ட்டுதான் எஞ்சின் பலத்த ஏத்தற கீ, அத அஞ்சு தடவ படபடன்னு தட்டுனா விண்டோஸ்காரன் ஸ்டிக்கி கீஸ்னு ஒரு பெட்டியத் தெறந்து குறுக்க நிப்பான், நிலாவுல எறங்கற நேரத்துல அது வந்தா புள்ள அழுதுடும், செட்டிங்ஸ்ல போயி அந்த ஷார்ட்கட்ட மொதல்லயே அணைச்சு வெச்சிருங்க. ஸ்பேஸ் பார்ல கை பட்டா ராக்கெட் அடுக்கு கழண்டு விழும், ஆல்ட்டோட எல் அமுக்குனா அது பூட்டிக்கும்.

ஆசிரியர் சார், நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறு இணைப்புல ஒரு சின்ன கட்டம் போட்டு, டாக்கிங் பழகக் கீபோர்டே போதும், அந்த இலவச சிமுலேட்டர் பிரவுசர்லயே ஓடும்னு நாலு வரி போடுங்க. உங்க பேப்பர்ல வந்தாத்தான் அந்த அம்மா மாதிரி இருக்கறவங்க நம்புவாங்க, கடைக்காரன் நான் வேண்டாம்னு சொன்னா "இவர்கிட்ட ஸ்டாக் இல்ல போல"ன்னு அடுத்த கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துடறாங்க, அப்படி வாங்குன ரெண்டு ஸ்டிக் இப்பவே என் மேசைல தெறந்து கெடக்கு.

அந்தப் பையன் நேத்து சாயங்காலம் ஸ்கூல் யூனிஃபார்மோட கடைக்கு வந்தான். மூணாவது கீ விழல அண்ணான்னான். லேப்டாப்புல நோட்பேட தெறந்து ரெண்டு பேரும் அமுக்கிப் பாத்தோம், டபிள்யூ, டி, எல் மூணையும் அமுக்குனா எல் வரல. கேம் செட்டிங்ஸ்ல எல் வேலைய வலது பக்க நம்பர் பேட்ல ஆறுக்கு மாத்திக் குடுத்தேன், இப்ப மூணும் வருது. ராத்திரி ஒம்போது மணிக்கு அவங்க அம்மா நம்பர்லேர்ந்து ஒரு போட்டோ வந்துச்சு, ரெண்டு கப்பலுக்கு நடுவுல இன்னும் 40 மீட்டர் இருக்கு, வேகம் 0.3.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கற வாசகர்,
பாளையங்கோட்டை.